சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். அப்பாவின் மூளையைத் தவிர இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மருத்துவர் அதுவும் ஓரளவு நலம் என்கிறார். நீங்களும் சித்தியும் முழுசாகவே நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்ணைப் பெட்ரோல் பங்கிலேயே மறந்துவிட்டு அப்பா தனியாக வீடு வந்து சேர்ந்த அன்று, "அண்ணன்கிட்டேருந்து கார் சாவியை வாங்கி வை, டிரைவிங் ஸ்கூலை மூடிடலாம்" என்று போனில் சொன்னீர்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். "அப்புறம் காலையில எந்திரிச்சு நான் எங்கம்மா போறது?" என்றார். மறுநாள் காலையில் நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும், காலை மாலை தியானமும் எழுதிக்கொடுத்து, இரண்டும் சேர்ந்தால்தான் மூளைக்கு நல்லது என்றார். கிளட்சும் கியரும் மாதிரி என்றார் அப்பா. மருத்துவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவைத் தட்டும்வரை அவருக்குப் பாடம் நடந்தது.

பிறகு, தியானத்தின்போது மூளை என்ன செய்கிறது என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். ஆடாமல் படுத்து மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இயந்திரம் உறுமும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் ஓங்கி மிதித்தது. பக்கத்து சீட்டில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டே காலம் தள்ளியவர் அல்லவா. படம் கலங்கிக் கலங்கி வந்தது. "சார், காலை ஆட்டாதீங்க" என்று மைக்கில் கெஞ்சினார்கள். "முன்னாடி லாரி வருது தம்பி, நீங்க பாக்கலையா" என்றார் உள்ளேயிருந்து. கடைசியில் காலைப் பட்டையால் கட்டி எடுத்தார்கள். படத்தைப் பார்த்த மருத்துவர், பெரிய சேதம் எதுவும் தெரியவில்லை, தியானமும் தெரியவில்லை என்றார்.

அப்பா தளரவில்லை. வண்டியை எடுக்குமுன் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட வேண்டும் என்று கற்க வருகிறவர்களுக்கும் விதி போட்டார். ஒரு வங்கி ஊழியர் மூடிய கண்ணைத் திறக்காமலே வண்டியை எடுத்துவிட்டார். எதிர்வீட்டுப் பூந்தொட்டிகள் இரண்டு போயின. மூன்றாவதன் முன்னால் அப்பா பிரேக்கைப் பிடித்தது தியானத்தால் வந்த நிதானமாம். எதிர்வீட்டம்மா அதை வேறு பெயரில் சொன்னார், இங்கே எழுத முடியாது.

அன்று சாயங்காலம் அப்பா தானாகவே சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். கையை உடனே எடுக்கவில்லை. "எங்கயாவது பத்திரமா வை. எங்கன்னு எங்கிட்ட சொல்லாதே" என்றார். அவர் தியானத்தில் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து அப்படியே செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சிப் பள்ளிப் பலகையை இறக்குகிறோம். இனி நீங்கள் கவலையில்லாமல் தூங்கலாம்.

சித்திக்கு என் அன்பு. இருவரும் மாத்திரைகளை மறக்க வேண்டாம்.

உங்கள் மகள்

பி.கு.: காரை விலை பேச இன்று ஆள் வந்தார். சாவியை எங்கே வைத்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. வீட்டையே கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். தியானத்தில் இருந்த அப்பா கண்ணைத் திறக்காமல், "ஃப்ரிட்ஜ்ல, வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னாடி" என்றார். அங்கேதான் இருந்தது. "நான் வைக்கும்போது நீங்க கண்ணை மூடித்தானே இருந்தீங்க?" என்று அவரைக் கேட்டேன். "பக்கத்து சீட்டுலயே உக்காந்து உக்காந்து, ஓரக்கண்ணு மட்டும் மூட மாட்டேங்குதும்மா" என்றார். வந்த ஆளைத் திருப்பி அனுப்பியாயிற்று. இதைப் போனில் கேட்ட மருத்துவர் நாளை பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார், என்னை. அப்பாதான் காரில் கொண்டுபோய் விடுகிறார். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினால் நான் இறங்குவதாக இல்லை.