கம்பெனி கொடுத்த வாட்ச்

“மூணு மணி நேரமா உங்களுக்கு நாடித்துடிப்பே இல்ல சார். நல்லா இருக்கீங்களா?”

ஞானசேகரன் சாம்பார் சாதத்தைப் பிசைந்த கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டிருந்தார். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பேசிய பெண் நிஜமாகவே பதறிப்போயிருந்தாள்.

“நல்லாத்தாம்மா இருக்கேன். குளிக்கறதுக்குக் கழட்டினேன்.”

“மூணு மணி நேரமாவா சார்?”

“தலைக்குக் குளிச்சேன்.”

“ஆபீஸ் நேரத்துலயா சார்?”

ஞானசேகரன் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார். ஸ்டேப்ளருக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் அந்த வாட்ச், கை ஏதாவது அகப்படாதா என்று அடியில் பச்சை வெளிச்சத்தை மினுக்கிக்கொண்டு கிடந்தது.

விவசாய மோட்டார் விற்கும் கம்பெனியின் சிதம்பரம் கிளையில் அவர் சூப்பர்வைசர். அந்த மாதம் ஊழியர் எல்லோருக்கும் கம்பெனி ஆளுக்கொரு வாட்ச் கொடுத்திருந்தது. நாடித்துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அது அளக்கும். உள்ளேயே சிம் இருந்ததால் அளந்ததைத் தானாகவே அனுப்பியும் விடும். ஏதாவது கோளாறாகத் தெரிந்தால் டாக்டர் போனில் வீடியோவாக வருவார். ஆள் எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் பார்க்கமாட்டோம் என்று கம்பெனி உறுதி சொல்லியிருந்தது.

“எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான் சார்” என்றார் கிளை மேனேஜர் ஆரோக்கியராஜ்.

நல்லதுக்கு என்று யாராவது சொன்னாலே ஞானசேகரன் உஷாராகிவிடுவார். பக்கத்து வீட்டிலிருந்து கொழுக்கட்டை வந்தால்கூட, இவர்களுக்கு நம்மிடம் என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று யோசிப்பார். யோசித்து முடிப்பதற்குள் கொழுக்கட்டை ஊசிப்போயிருக்கும்.

வாட்ச் விஷயத்தில் அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சட்டைப் பட்டனை இழுக்கும் தொந்தி. மாடி ஏறினால் நடுவில் நின்று, யாரையோ தேடுவதுபோலப் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இதெல்லாம் தெரிந்தால் கம்பெனி முதலில் யாரை வீட்டுக்கு அனுப்பும்?

“கட்டிக்கிட்டாத்தான் என்னா? ஒடம்புக்கு ஏதாவது இருந்தா சொல்லுமே” என்றாள் மனைவி மலர்க்கொடி.

“ஒனக்கு ஒலகம் தெரியாது. கட்டினா வேலை போவும், கட்டலன்னா துடிப்பு இல்லன்னு போன் வரும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு.”

அந்த நடுவழி, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவர்களுடைய வீட்டு மாடியிலேயே குடியிருந்தது. ராஜ்கமல் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். கல்யாணம் ஆகாத பையன். தினமும் விடிகாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடிவிட்டு, ஓடாதவன் மாதிரி பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வருவான்.

“தம்பி, ஒரு சின்ன ஒதவி.”

“சொல்லுங்க மாமா.”

“ஒன் இதயத்த எனக்குக் கொஞ்ச நாளைக்குக் குடு.”

ராஜ்கமல் ஒரு படி மேலே ஏறி நின்றுகொண்டான். ஞானசேகரன் வாட்ச்சை நீட்டி விவரத்தைச் சொன்னார்.

“இது தப்பில்லையா மாமா?”

“என் நெஞ்சுக்குள்ள எட்டிப் பாக்கறானுவளே, அது தப்பில்லையா?”

பையன் கையை நீட்டினான்.

முதல் வாரத்திலேயே பலன் தெரிந்தது. ஆபீஸ் சுவரில் ஞானசேகரனின் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ‘இளைஞரின் இதயம் கொண்ட நம் சிதம்பரம் சிங்கம்’ என்று கீழே வாசகம். மாலையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அவருக்கு மட்டும் லட்டு இல்லை, முளைகட்டிய பயறு.

“நம்பவே முடியல சார்” என்றார் ஆரோக்கியராஜ். “இங்க படியில முக்கி முக்கி ஏறுறீங்க. வீட்ல இந்த ஓட்டம் ஓடுறீங்க.”

“அது வேற, இது வேற” என்றார் ஞானசேகரன்.

“இதயம் இப்படி இருக்கும்போது உங்கள சீட்ல ஒக்கார வெக்கிறது பாவம் சார். பெண்ணாடம் பக்கம் கரும்புக் கொல்லையெல்லாம் இனிமே நீங்களே நேர்ல போய்ப் பாத்துடுங்க. நடக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்குமே.”

அதற்குப் பிறகு ஞானசேகரன் பெண்ணாடத்துக் கரும்புக்குள் நடந்தார். காய்ந்த இலைச் சோகை கையைக் கிழித்தது. வரப்பு வழுக்கியது. ஒரு விவசாயி அவர் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, மோட்டாரைப் பற்றிக் கேட்காமல் தண்ணீர்ச் சொம்பைத்தான் முதலில் நீட்டினார். வேண்டுமென்றேதான் ஆரோக்கியராஜ் இப்படிச் செய்கிறாரோ என்று அந்தச் சொம்புத் தண்ணீரோடு சேர்த்து ஒரு சந்தேகத்தையும் அவர் விழுங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குக் குரல் கொடுத்தார்.

“தம்பி, நாளையிலேர்ந்து கொஞ்சம் கம்மியா ஓடு.”

“முடியாது மாமா. பசங்களுக்கு நெய்வேலில மேட்ச் வருது. நான் ஓடலன்னா அவனுவளும் ஓட மாட்டானுவ.”

“ஓடு, மெதுவா ஓடு. நீ ஓடுற ஓட்டத்துல என்னைய வடநாட்டுக்கே அனுப்பிடுவானுவ.”

ராஜ்கமல் சிரித்தான். ஆனால் அடுத்த வாரமே ஆபீசுக்கு வந்த கணக்கு தானாகக் குறைந்துவிட்டது. ஓட்டம் இல்லை, வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத்தான் நடை. சொன்ன பேச்சைக் கேட்கிற பையன் என்று ஞானசேகரன் மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சி, டாக்டர் ஸ்ரீமதி போன் திரையில் வருகிற வரைக்கும் நீடித்தது.

“சார், கொஞ்ச நாளா உங்க துடிப்பு சீரா இல்ல. நடுநடுவுல தாளம் தப்புது. ராத்திரியில தூக்கமும் சரியா இல்ல. படி ஏறினா மூச்சு வாங்குதா?”

படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. ஆனால் அது அவருடைய சொந்த மூச்சு. வாட்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

“இல்ல டாக்டர்.”

“இன்னொண்ணு. காலையில கொஞ்ச நேரம், அப்பறம் தெனமும் சாயங்காலம் வாட்ச்ச கழட்டிடறீங்க. ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு மறுபடியும் கட்டறீங்க. ஏன்?”

ஏன் என்று ஞானசேகரனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. போனை வைத்த அந்த நிமிஷமே அவருடைய சந்தேகம் கம்பெனியை விட்டுவிட்டு மாடிக்குத் தாவியது. சாயங்காலமானால் வாட்ச்சைக் கழற்றிவிட்டு இந்தப் பையன் எங்கே போகிறான்? தண்ணியா, சீட்டாட்டமா, வேறு ஏதாவது சகவாசமா? துடிப்பு தாளம் தப்புகிற அளவுக்கு என்னதான் செய்கிறான்?

அன்றிலிருந்து ஆபீஸ் முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அவர் வாசல் கேட் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ராஜ்கமல் வெளியே போனான். இட்லி மாவு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். மறுநாளும் போனான். மறுநாளும் இட்லி மாவுதான். இதற்குப் பின்னால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

“என்னாங்க, இந்தத் துணியக் கொஞ்சம் மாடில காயப் போட்டுட்டு வாங்களேன்.” மலர்க்கொடி துணி வாளியோடு மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். “ஏற முடியல. நெஞ்சு படபடங்குது.”

“வாஷிங் மெஷின் வேணும்னா நேராக் கேளு. நடிக்காத” என்று சொல்லிவிட்டு, அவர் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

மலர்க்கொடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மெதுவாக ஏறினாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவருடைய குறட்டையோடும் ஏசியோடும் ஒரே அறையில் தன்னால் தூங்க முடியாது என்று அவள் சொல்லிப் பல வருஷம் ஆகிறது.

இரண்டாவது முறை டாக்டர் வந்தபோது அவருடைய குரல் மாறியிருந்தது.

“சார், இத அப்படியே விட்டா பக்கவாதத்துல கொண்டு போய் விட்டுடும். பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சிட்டோம். மாத்திரையிலயே சரி பண்ணிடலாம். ஆனா ஈசிஜி எடுத்தாகணும். நாளைக்கே சிதம்பரத்துல ஒரு கிளினிக்குக்கு வாங்க, நான் ஸ்கிரீன்ல இருக்கேன்.”

கிளினிக்கிடம் கமிஷன் வாங்குகிறாளோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் படுத்த பிறகு வேறொரு படம் கண்ணுக்குள் வந்து நின்றது. தேவனாம்பட்டினம் மணலில் ராஜ்கமல் குப்புற விழுந்து கிடக்கிறான். சுற்றிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவனுடைய அம்மா விருத்தாசலத்திலிருந்து ஓடி வந்து, யாருக்குமே தெரியாதா என்று கேட்கிறாள். ஒருத்தருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒருத்தர் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்தடவையாக ஞானசேகரனுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது.

காலையில் மாடிக்குப் போனார்.

“தம்பி, கெளம்பு. சிதம்பரம் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்.”

“இன்னிக்கா? என்னா மாமா திடீர்னு?”

“சில விஷயம்லாம் திடீர்னுதான் வரும்” என்றார். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

ராஜ்கமல் முழுக்கை டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு ஒன்றும் புரியாமல் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனை நடக்கவிடவில்லை, ஆட்டோ பிடித்தார். பையைத் தூக்கவிடவில்லை. பஸ்ஸில் ஏறும்போது தன் தொந்தியோடு தானே முதலில் ஏறி, கையைப் பிடித்து அவனை மேலே இழுத்தார். ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். எதிர் சீட்டுப் பெண் ராஜ்கமலைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒரு ஆரஞ்சுப் பழம் நீட்டினாள்.

“கோயில் அந்தப் பக்கம் மாமா” என்றான் ராஜ்கமல், சிதம்பரத்தில் கிளினிக் வாசலுக்கு வந்ததும்.

“சாமிய அப்பறம் பாக்கலாம். மொதல்ல டாக்டர்.”

உள்ளே சுவரில் மாட்டியிருந்த திரையில் டாக்டர் ஸ்ரீமதி காத்திருந்தார். ஞானசேகரன் கைகட்டி நின்றார்.

“டாக்டர், ஒரு உண்மைய சொல்லிடறேன். அந்த வாட்ச்ச நான் கட்டவே இல்ல. வேலைக்குப் பயந்துகிட்டு இந்தத் தம்பிகிட்ட குடுத்தேன். அந்தத் துடிப்பு இவன்து. என் வேலை போனாப் போவட்டும். இவனக் காப்பாத்துங்க.”

“மாமா, அது வந்து...” என்று ஆரம்பித்தான் ராஜ்கமல்.

“நீ பேசாத. மூச்சு வாங்கும்.”

டாக்டர் கோபத்தைப் பல்லுக்குள் அடக்கிக்கொண்டு ஈசிஜி எடுக்கச் சொன்னார். நர்ஸ் பையனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். ஞானசேகரன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமியையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஈசிஜி முடிந்து இருவரும் திரும்ப உள்ளே வந்தபோது டாக்டர் திரையில் அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பார்த்தார்.

“இவருக்கு ஒண்ணுமே இல்ல. ஜம்முனு இருக்கு.”

ஞானசேகரனின் முகத்தில் ஒரு விநாடி நிம்மதி வந்தது. அடுத்த விநாடி அந்த இடத்தில் பழைய ஞானசேகரன் வந்து உட்கார்ந்தார்.

“அப்ப வாட்ச் பொய் சொல்லிருக்கு. நான் மொதல் நாள்லேர்ந்து சொல்றேன். நல்லா இருக்கறவன் பேர்ல நோயக் கட்டி, பயமுறுத்தி, கிளினிக்குக்கு இழுத்து... இதுல யாரு யாருக்குப் பங்கு டாக்டர்? கம்பெனிக்கும் உண்டா?”

டாக்டர் தன் பக்கத்திலிருந்த வேறு ஏதோ ஒன்றைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், வாட்ச் இப்ப எங்க இருக்கு?”

“தம்பி கையிலதான்.”

ராஜ்கமல் அப்போதுதான் மடித்துவிட்ட டீ-ஷர்ட் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தான். ஞானசேகரன் இடது மணிக்கட்டைப் பார்த்தார். வலது மணிக்கட்டையும் பார்த்தார். இரண்டும் வெறுமையாக இருந்தன.

“இந்த நிமிஷம்கூட எனக்கு இங்க துடிப்பு வந்துகிட்டுதான் இருக்கு சார்” என்றார் டாக்டர். “இப்பவும் தாளம் தப்பித்தான் அடிக்குது. யாரு அது?”

ராஜ்கமல் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் மேட்ச்சுக்கு நெய்வேலி போனப்ப, துடிப்பு நின்னா உங்க வேலை போயிடும்னு மலர்க்கொடி அக்கா வாங்கிக் கட்டிக்கிட்டாங்க மாமா, நான் ஓடினா கணக்கு ஏறும்னு அப்பறமும் திருப்பித் தரல; உங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கும் ஒரு சந்தேகம் கிளப்புவீங்கன்னு, நீங்க வீட்ல முழிச்சிருக்கற நேரம் மட்டும் கழட்டி வெச்சிடறாங்க.”