சம்பந்தி எழுத, நான் படிக்க

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி ஏதாவது குறை இருந்தாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொள், பிறகு விசாரிக்கிறேன். இங்கே உன் அண்ணி சுகம். மகன், மருமகள் சுகம். சம்பந்தி மிக மிகச் சுகம். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் உன் அண்ணி காதில் விழும். தவிர, இப்போது எனக்கு முறையாக எழுதத் தெரியும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை, பத்தி பிரிப்பது எல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தில் அவை எதுவும் தென்படவில்லை என்றால் அதற்குக் காரணம் கோபம்தான், அறியாமை அல்ல.

பேருந்து நிலையத்தில் காலமெல்லாம் மைக் பிடித்த வாய் என்னுடையது. ஓய்வு பெற்றுவிட்டாய், வாயை மூடு என்றால் மூடுமா? வீட்டில் யார் கிளம்புகிறார்கள், யார் தாமதம், குளியலறை எப்போது காலியாகும் என்று கூடத்தில் உட்கார்ந்தபடியே அவ்வப்போது தெரிவித்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் உபயோகமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மருமகள் ஒரு நாள் சமுதாயக் கல்லூரியிலிருந்து ஒரு துண்டுத்தாள் கொண்டுவந்து நீட்டினாள். பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, அடிப்படை இலக்கணமும் கட்டுரை எழுதுதலும். என் குரலைக் கேட்டு ஊர் ஊராக ஜனங்கள் பஸ் ஏறியிருக்கிறார்கள், எனக்கு இனிமேல் எழுவாய் பயனிலையா என்று கேட்டேன். அவள் பதறவே இல்லை. "சரி மாமா, வேணாம். அப்பா நேத்தே சேந்துட்டாரு" என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவளுடைய அப்பாவை, அதாவது என் சம்பந்தியை, நீ கல்யாணத்தில் பார்த்திருக்கிறாய். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இருந்தவர். மீசையைச் சீவுவதற்கென்று தனியாக ஒரு சீப்பு சட்டைப்பையில் வைத்திருப்பார். அடுத்த பஸ் நிறுத்தத்தில்தான் வீடு. சம்சாரம் போன பிறகு தனியாக இருக்கிறார். அதில் எனக்கும் வருத்தம்தான், நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை. ஆனால் ஒரு மனிதருக்காக வருத்தப்படுவது வேறு, வாரம் தவறாமல் அவருக்கு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புவது வேறு. அந்த டப்பாவை யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று நீ கேட்கவில்லை. நான்தான்.

வகுப்பறை மாடியில். கையில் பலகை வைத்த நாற்காலிகள், இளவட்டங்களுக்கென்று செய்தவை. என் வயிறு உள்ளே போனால் பலகை மடங்காது, பலகை மடங்கினால் நான் வெளியே. டீச்சர் என் மகனைவிடச் சின்னவள். சிவப்புப் பேனா மனதைப் புண்படுத்தும் என்று பச்சைப் பேனாவால் திருத்துவாள். பச்சையும் புண்படுத்தத்தான் செய்கிறது, அவளிடம் யாரும் சொல்லவில்லை. முதலில் இலக்கணம் நடந்தது. அந்த நாட்கள் பொன்னான நாட்கள், தங்கச்சி. எல்லாத் தேர்விலும் நான்தான் முதல். சம்பந்திக்கு எந்த இடத்தில் ஒற்று போட வேண்டும், எந்த இடத்தில் போடக்கூடாது என்று இன்றைக்கும் தெரியாது. தெரியவில்லையே என்ற கவலையும் கிடையாது, கேட்டால் சிரிப்பார். நான் பெருந்தன்மையாக என் தாளை அவர் பக்கம் லேசாகச் சாய்த்து வைப்பேன். அவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

அப்புறம் கட்டுரை வந்தது. என் தலையில் இடி விழுந்தது. அந்த வகுப்பில் ஒரு வழக்கம். எழுதியவர் தன் கட்டுரையைத் தானே படிக்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும், அவர் வீட்டில் எடுத்துப்போய்ப் பழகி, அடுத்த வகுப்பில் சபை நடுவே படிக்க வேண்டும். எழுதினவரே படித்தால் தாளில் இல்லாததையும் குரலில் சேர்த்துப் படித்துவிடுவார், அதனால் எழுத்தின் லட்சணம் தெரியாமல் போய்விடும் என்பது டீச்சரின் வாதம். நாங்கள் சம்பந்திகள், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். "நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்று சொல்லிவிட்டாள். இப்படித்தான் அவர் எழுத, நான் படிக்க, நான் எழுத, அவர் படிக்க என்று ஆயிற்று.

முதல் கட்டுரைக்கு நான் 'பேருந்து நிலையமும் அதன் பயன்களும்' என்று எழுதினேன். நடைமேடைகள், குடிநீர் வசதி, பொருள் பாதுகாப்பு அறை, கழிப்பறைகள் இருக்கும் திசை என ஒன்றையும் விடவில்லை. சம்பந்தி நன்றாகத்தான் படித்தார், பொய் சொல்ல மாட்டேன். கழிப்பறை வந்த இடத்தில்கூட மீசை துடிக்க உணர்ச்சியோடு படித்தார். கடைசி வரிசையில் ஒரு காவலாளி உட்காருவார், தூங்காமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர். அவர் இரண்டாவது நடைமேடையிலேயே தூங்கிவிட்டார். டீச்சர் தாளின் ஓரத்தில் பச்சையில் எழுதியிருந்தாள்: 'தகவல் நிறைய இருக்கிறது. இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?' நான் கீழே 'மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

சம்பந்தி என்ன எழுதினார் தெரியுமா? 'என் கால்'. கட்டுரைக்குத் தலைப்பே அவ்வளவுதான். பழகிப் பார்ப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். உன் அண்ணி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சோபாவில் உட்கார்ந்தாலும், சினிமா பார்த்தாலும், எது வேகமாகப் போனாலும் என் கால் தானாகத் தரையை அழுத்தும் என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பிக்கிறார். மகள் கல்யாணம் முடிந்து கிளம்பியபோது அழுத்தியதாம். நடுவில் ஒற்றுப்பிழை கொட்டிக் கிடக்கிறது. கடைசியில் தன் சம்சாரத்தைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: 'ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதும் என் கால் அழுத்திக்கொண்டே இருந்தது. ஆனால் அந்த வண்டியில் என் பக்கம் பிரேக் இல்லை.'

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. உன் அண்ணி ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்று, "அந்தக் கடைசி இடத்த இன்னொரு தடவ படிங்க" என்றாள். தங்கச்சி, நான் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு எதையெல்லாமோ படித்துக் காட்டியிருக்கிறேன். செய்தித்தாள் படித்திருக்கிறேன், மருந்துச் சீட்டுப் படித்திருக்கிறேன், என் சொந்தக் கட்டுரையை முந்தின வாரம்தான் படித்தேன். அதற்குக் குழாய் நிற்கவில்லை. நடுவில் மிக்ஸியும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து வகுப்பு முடிந்து வந்து கதவைத் தட்டினால், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் பையைப் பார்க்கிறாள். "சம்பந்தி இந்த வாரம் என்ன எழுதியிருக்காரு?" என்பதுதான் முதல் கேள்வி. அண்ணா, உனக்குப் பொறாமையா என்று நீ நாசூக்காகக் கேட்க வேண்டாம். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. அந்த வயிற்றெரிச்சலை நானே பழகி, நானே தெளிவாக உச்சரித்து, நானே அவளுக்குப் படித்துக்காட்டுகிறேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். அந்தக் கட்டுரையை வகுப்பில் வைத்துக் கொன்றுவிடுவது என்று தீர்மானித்தேன். பேருந்து நிலையக் குரலை எடுத்தேன். ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்கிற அதே குரல். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததையும் பிரேக் இல்லாததையும், வண்டி இன்று வராது என்று அறிவிப்பதைப் போலப் படித்துவிட்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் எங்களோடு படிக்கும் ஒரு நர்ஸ் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். காவலாளி முதுகை நிமிர்த்தி விழித்திருக்கிறார். நான் உணர்ச்சியைத் துளியும் சேர்க்காமல் படித்ததால்தான் அந்த எழுத்து அப்படியே உள்ளே போயிற்று என்று டீச்சர் பாராட்டுகிறாள். சம்பந்தி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார், மீசை என் கழுத்தில் குத்தியது. சும்மா இருந்தாரா, சாப்பாட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது உன் அண்ணியிடமும் சொல்லி என்னைப் புகழ்ந்தார். அவளும் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எதற்கு? இன்னொருவர் எழுதியதைப் படித்ததற்கு. அடுத்த தடவை புத்தியாக நேர்மாறாகச் செய்தேன், குரல் தழுதழுக்க, மூக்கை உறிஞ்சி, அழுது வடிந்து படித்தேன். அது அவரிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு பல் டாக்டர் நேராகப் போய்த் தன் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே மோதிய கதை. வகுப்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் எப்படிப் படித்தாலும் அந்த மனிதர் ஜெயிக்கிறார்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். வகுப்பு முடியப் போகிறது. கடைசி மாலை எல்லோர் வீட்டாரையும் அழைத்து, இருப்பதிலேயே நல்ல கட்டுரை ஒன்றைப் படிக்கப் போகிறார்கள். தலைப்பு 'பக்கத்தில் இருப்பவர்'. உன் அண்ணி இப்போதே புடவையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள். போட்டுக்கொண்டே, "அன்னிக்கு சம்பந்தியோடதத்தானே படிப்பாங்க?" என்று கேட்டாள். அதில் குத்தல் இல்லை, விஷமம் இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு தடவையாவது, ஒரே ஒரு தடவையாவது, நான் எழுதியதைக் கேட்பதற்கென்று அவள் கிளம்பி வர வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. சரி, அவளைப் பற்றியே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'என் மனைவி பொறுப்பானவர். அவர் காலையில் எழுகிறார்' என்று வந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன், அவள் வசதிகளும் பயன்களும் வரிசையாக வந்தன. அதையும் கிழித்தேன். அவளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் தாளைக் கண்டால் அறிவிப்புதான் வருகிறது.

ஆகவே நீ எனக்கு ஒரு உபகாரம் செய்ய வேண்டும். நீயே சம்பந்திக்குப் போன் பண்ணி, மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டச் சொல்லித்தர வேண்டும், உடனே புறப்பட்டு வந்து ஒரு மாதம் தங்குங்கள் என்று கூப்பிடு. அவர் அப்பாவி, ஓடி வருவார். மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓட்டுகிறாரே என்பாய். ஓட்டுகிறார், நான் மறுக்கவில்லை. நன்றாக ஓட்டுகிறாரா என்பதை நீயே நெஞ்சில் கைவைத்துச் சொல். மறந்துவிட்டது என்று சொல்லச் சொல், அல்லது திரும்பும்போது பயமாக இருக்கிறது என்று சொல்லச் சொல். எப்படியானாலும் அந்த மீசை கடைசி மாலை முடியும்வரை இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் மரியாதையும் முன்கூட்டியே ஒரு மன்னிப்புக் கோரிக்கையும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், யார்மேலும் பொறாமை இல்லாமல், நிறைந்து வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே. சம்பந்திக்குப் போன் பண்ணாதே. உன் கைக்கு வருவது நகல். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை வாங்கக் கடைக்குப் போனேன், திரும்பி வந்தால் உன் அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். கடிதத்தை மடித்துக்கொண்டே, "இவ்வளவும் மனசுல வச்சுக்கிட்டா பையத் தூக்கிட்டுப் போயிட்டு வந்தீங்க?" என்றாள். பிறகு இதைத் தபாலில் போட வேண்டாம், அப்படியே வகுப்பில் கொடுங்கள் என்றாள். கொடுத்தால் சம்பந்திதான் படிக்க வேண்டியிருக்கும், அவரைப் பற்றி இதில் என்னவெல்லாம் இருக்கிறது பார்த்தாயா என்று கேட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். சாயங்காலம் அந்த மனிதர் போன் பண்ணி, மீசையைப் பற்றி எழுதியது போதாது, இன்னும் நாலு வரி சேர்க்க முடியுமா என்கிறார். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்து உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருக்கிறார், தன்னைத் திட்டும் இடம் வந்தால் மட்டும் குரலை நன்றாக உயர்த்துகிறார். டீச்சர் இதைத் தேர்ந்தெடுப்பாளோ, ஒற்றுப்பிழை இல்லை என்று ஒரு பச்சைக் கோடு போட்டுத் திருப்பித் தருவாளோ தெரியாது. அன்றைக்கு இதைப் படிக்காவிட்டால் என்ன செய்வது, படித்தாலும் படிக்கப்போவது சம்பந்திதானே, நீ எதற்கு வருகிறாய் என்று உன் அண்ணியிடம் கேட்டேன். "அங்க படிக்கலன்னா இங்க வந்து படிக்கட்டும். யாரு படிச்சா என்ன, நீங்க எழுதினதக் கேக்கத்தானே நான் உக்காரப் போறேன்" என்றாள்.