நாற்பத்து மூன்றாவது தொழிலாளி

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

தாங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் தங்கை அப்படி இல்லை. பித்தப்பையில் கல், அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது, காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம்தான் வரவில்லை. அந்த நிறுவனத்தை எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் தாங்கள் என்பதால் இந்தக் கடிதம்.

நிரந்தர அட்டை வரும்வரை நாற்பத்திரண்டு தொழிலாளிகளுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் தற்காலிகக் குழுக் காப்பீடு உண்டு என்றீர்கள். பெயர்ப்பட்டியலை எங்கள் சூப்பர்வைசர் எழுதினார். பெட்டிக் கணக்கு எழுதிப் பழகிய கை, எண்களைக் கண்டால் அடியில் கோடு போட்டுக் கூட்டிவிடும். வயதைக் கூட்டினார், மனைவிகளையும் கூட்டினார். அந்தக் கடைசி வரியை உங்கள் நிறுவனம் நாற்பத்து மூன்றாவது தொழிலாளியாகப் பதிந்துகொண்டது. பெயர் மொத்தம், வயது ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்பது, மனைவியர் முப்பத்தெட்டு. இவருடைய பிறந்த தேதிக்குச் சான்று வரவில்லையென்று, ஒரு வார்த்தை சொல்லாமல் அத்தனை பேரின் காப்பீட்டையும் நிறுத்திவிட்டார்கள். மருத்துவமனை வரவேற்பு மேசையில்தான் அது எங்களுக்குத் தெரிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் தங்கை அப்போதும், "எங்கண்ணன் கொண்டுவந்த கம்பெனிங்க, ஏதாவது காரணம் இருக்கும்" என்றாள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் எழுதினேன். ஆளுக்கு இவ்வளவு என்று அபராதம் போட்டார்கள். உங்கள் நிறுவனமும் நாற்பத்து மூன்று பேருக்கும் கணக்காகக் கட்டியது, ஆணையத்திடம். கல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போய்க் கேட்டால் கவுன்ட்டர் பெண் நிமிராமலே, "அதான் ஃபைன் கட்டிட்டோமே சார், இன்னும் என்ன கோவம்?" என்கிறாள். வயதில் மூத்தவர்களிலிருந்து வரிசையாகக் காப்பீட்டைத் திருப்பித் தரவேண்டுமாம், ஆணையத்தின் உத்தரவு. எனக்கு முன்னால் பத்தொன்பது பேர், மொத்தத்தைச் சேர்க்காமல். உங்களுக்கு வெட்கம்னு ஒண்ணு இருந்தா இந்நேரம் வந்து நின்னிருப்பீங்க. இரண்டாவது புகாரும் எழுதி வைத்திருக்கிறேன். முதல் வரியிலேயே உங்கள் பெயர்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. தங்களுக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. எல்லாரிலும் மூத்தவர் என்பதால் மொத்தத்தின் காப்பீடு முதலில் திரும்பிவிட்டது. அவருடைய முப்பத்தெட்டு மனைவியரில் ஒருத்தியாக உங்கள் தங்கைக்கு நாளை அறுவை. புகாரைக் கிழித்துவிட்டேன். பார்க்க வரும்போது நர்சுகள் எதிரில் என்னை மொத்தம் என்றே கூப்பிடுங்கள். கொஞ்சம் மரியாதையாகவும், இப்போது உங்களைவிட நான் மூத்தவன்.