கோழி லேபிளுக்கு வந்த போட்டி

இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானம் முழுவதையும் தீப்பெட்டி மேல் ஒட்டிப் பார்த்த ஒரே மனிதர், கோவில்பட்டியில் எங்கள் முதலாளி ராக்கெட் அண்ணாச்சிதான். தொண்ணூறுகளில் அவருடைய தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) நான் கணக்கெழுதினேன்.

அவருடைய அப்பா காலத்து லேபிள் கோழி. வடக்கே எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கோழிப்படப் பெட்டி என்று கேட்டு வாங்குவார்கள். படத்தை மாற்றினால் பிழைப்பு போய்விடும் என்பது தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். ஆனால் அவருக்குக் கோழியைப் பார்த்தாலே வெட்கம்.

“உலகம் நிலாவுக்குப் போயிட்டு வந்துட்டு. நாம இன்னும் கோழியவே பிடிச்சுத் தொங்குதோம்” என்பார்.

பெட்டியில் குச்சி அடைக்கும் பெண்களில் மூத்தவளான பேச்சியக்கா விடமாட்டாள். “நிலாவுக்குப் போனவன் அங்கன அடுப்பா பத்தவச்சான் மொதலாளி?”

முதலில் ராக்கெட் லேபிள் வந்தது. வரைந்த பெயிண்டருக்குத் தெரிந்தது தீபாவளி ராக்கெட்தான். அதைப் பாட்டிலோடு வரைந்துவிட்டார். அடுத்து டெலிபோன், அதற்கடுத்து டிஷ் ஆண்டெனா. கூடவே கோழியும் போய்க்கொண்டிருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

பிறகுதான் கம்ப்யூட்டர். கோழியை அடியோடு நிறுத்திவிட்டு, ஒரு லோடு முழுக்கக் கம்ப்யூட்டர். ஊரில் ஓர் ஆபீசுக்குப் போய் நேரில் பார்த்து வரையச் சொன்னார். பெயிண்டர் போனது ஆயுதபூஜை அன்று. சந்தனம், குங்குமம், மாலையோடு பார்த்ததை அப்படியே வரைந்தார். அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.

வடக்கே போன லோடு அப்படியே திரும்பி வந்தது. புரோக்கர் போனில் விளக்கினார்: “என்ன சாமின்னு தெரியலை, ஆனா சாமிதான்ங்காவ அண்ணாச்சி. காலிப் பெட்டிய எப்படிக் குப்பையில போடன்னு ஒருத்தரும் தொட மாட்டேங்காவ.”

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. குடோனில் குச்சி நமுத்துப்போனால் அடுத்த சரக்குக்குத் தீக்குச்சி மருந்து வாங்கப் பணமில்லை. பெண்கள் அத்தனை பேரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். அண்ணாச்சி சாப்பாட்டைத் தொடவில்லை. “எம் பவுசுக்கு இத்தன பேரு வயித்துல அடிச்சிட்டேனே” என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

பேச்சியக்கா அதட்டினாள். “கவலப்படாதிய மொதலாளி. இது சாமி இல்ல, உங்க கிறுக்குன்னு எங்களுக்குத் தெரியும்லா. எங்க ஊருகள்ல நாங்க வித்துத் தாரோம்.”

கயத்தாறு பக்கம், எட்டயபுரம் பக்கம் என்று பெண்கள் அவரவர் ஊருக்குப் பண்டல் பண்டலாகச் சுமந்து போனார்கள். குடோன் காலியானது. ஆபீஸ் ஒருநாளும் மூடவில்லை. அண்ணாச்சி தானே போய்க் கோழி லேபிளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த வருஷம் இந்தக் கரிசல் காட்டில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டரை உரசித்தான் அடுப்புப் பற்றவைத்தார்கள். அந்த மனுஷனுக்காக இன்னொரு லோடு வந்திருந்தாலும் எரித்திருப்போம்.