மொட்டை மாடியில் எட்டாவது ரவுண்டு

"அதெல்லாம் சரிங்க சார், அந்த ரூம்ல என்ன படம் மாட்டுவீங்க?" என்று வேணி கேட்டதுதான் ஆரம்பம்.

அதுவரை மொட்டை மாடியில் நடந்த கூட்டம் ரெங்கராஜ் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஏழு வீடுகள் உள்ள அடுக்ககம் அது. அங்கே மாடியில் காலியாகக் கிடந்த ஒரே அறைக்கு இரண்டு பேர் போட்டி. ரெங்கராஜுக்குக் குத்துச்சண்டைப் பயிற்சி மூட்டையைத் தொங்கவிட வேண்டும். முதல் மாடி வேணிக்குத் தையல் மெஷின் போட வேண்டும். நாலு கை உயர்ந்தால் அறை. தன் கை, நண்பர் ஜமீலின் கை, ஜமீல் தூக்கினால் தூக்கும் கீழ்வீட்டுக்காரரின் கை, செயலாளர் சுபலட்சுமியின் கை என்று நேற்றே பேசி முடித்திருந்தார்.

தோற்றால் என்ன ஆகும் என்பதை மனைவி மகாலட்சுமி காலையிலேயே சொல்லிவிட்டாள். தென்னூரில் வாங்கிய அந்த மூட்டை பல மாதங்களாகக் கட்டிலில் அவள் பக்கத்தில் கிடந்தது. "இன்னைக்கு ராத்திரி ஒண்ணு அது மாடியில படுக்கணும், இல்லாட்டி நீங்க படுக்கணும்."

"என்ன படமா? உலகத்துலயே பெரிய வெற்றி எதுவோ அந்தப் படம்தான்" என்றார் ரெங்கராஜ் உற்சாகமாக. "எழுபத்து நாலு, கின்ஷாசா. முகமது அலி!"

"அப்படிச் சொல்லு" என்ற ஜமீல் உடனே நெற்றியைச் சுருக்கினார். "இரு, இரு. பெரிய வெற்றின்னா தொண்ணூறு, டோக்கியோதானே? டைசனை டக்ளஸ் சாய்ச்சானே, அது."

ரெங்கராஜின் காது சிவந்தது. எந்தப் பொருளானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்காமல் அவரால் இருக்க முடியாது. அலியின் உத்தியை அவர் விளக்கிக் கேட்காத ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. போன வாரம் துணி காயப்போட வந்த வேணியைக்கூட அவர் விடவில்லை.

"பாய், அலி என்ன பண்ணினான்? முகத்தை மூடிக்கிட்டுக் கயித்துல சாஞ்சான். குத்தோட வேகத்தைக் கயிறு வாங்கிக்கும். குத்துறவன் தோள்தான் ஓயும். எதிராளி ஃபோர்மேன் அடிச்சு அடிச்சே களைச்சான். எட்டாவது ரவுண்டுல ஒரே போடு! அது மூளை!"

"மூளையா? கயித்தைத் தொய்ய விட்டாங்கன்னு அன்னைக்கே பேச்சு வந்துச்சே!"

"உங்க டக்ளஸ் மட்டும் யோக்கியமோ? எட்டாவது ரவுண்டுல கீழ விழுந்தான். நடுவர் மெதுவா எண்ணினார்னு எதிர் ஆளுங்க கத்தினாங்களே!"

"அம்மா மவுத்தாகி ஒரு மாசம்கூட ஆகலை அவனுக்கு! அந்த மனசோட வந்து ஜெயிச்சவனைப் பேசுறியா நீ?"

சுபலட்சுமி கைகளை உயர்த்தினார். "ரெண்டு படத்தையும் மாட்டிடுங்கோளேன்."

"சரி, மாட்டுவோம்" என்றார் ரெங்கராஜ். "அலி வாசலுக்கு நேரா. டக்ளஸ் கதவுக்குப் பின்னாடி."

"கதவுக்குப் பின்னாடியா? அங்க தொடப்பத்தை மாட்டு!"

"அப்போ படமே வேண்டாம் பாய்!"

"படம் வேண்டாம்னா நான் தோத்துட்டேன்னு அர்த்தமா? அப்படித்தானே?"

ரெங்கராஜுக்கு இப்போது அறை மறந்துபோயிற்று, மூட்டை மறந்துபோயிற்று. இந்த ஆளுக்குக் கயிற்றின் அறிவியலைப் புரியவைக்காமல் விடுவதில்லை என்ற வெறி மட்டும் இருந்தது. விடுவிடுவென்று போய்த் துணிக்கொடியில் முதுகைச் சாய்த்தார்.

"குத்துங்க பாய்! பலம் இருந்தாக் குத்துங்க! கயிறு என்ன பண்ணுதுன்னு பாருங்க!"

ஜமீல் குத்தவே தேவைப்படவில்லை. ரெங்கராஜின் எடைக்கே கொடி அறுந்தது. அவர் மல்லாந்து விழுந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சுபலட்சுமியின் உறையூர்ச் சேலை செம்பருத்தித் தொட்டிச் சேற்றில் விழுந்தது.

"பெருமாளைச் சேவிக்கக் கட்டிண்டு போற புடவை!" என்று சுபலட்சுமி அலறினார். "கையைத் தூக்குங்கோ எல்லாரும்! வேணிக்கு ரூம் குடுக்கச் சம்மதிக்கிறவா யாரு?"

முதலில் உயர்ந்தது அவர் கை. அடுத்தது ஜமீலின் கை, ரெங்கராஜை முறைத்தபடியே உயர்ந்தது. அதைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரரின் கை. கடைசியாக, அடக்கமாக, வேணியின் கை.

வேணியைத் தவிர எல்லாரும் இறங்கிப் போனார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரெங்கராஜ் அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோபம் நெஞ்சிலிருந்து இறங்க மறுத்தது. இன்று படுக்கை இந்தத் தரையில்தான். அறுந்த கொடியை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த வேணியைப் பார்த்தார்.

"ஏம்மா, நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீ ஒரே ஒரு கேள்வி கேட்ட, அப்புறம் வாயே திறக்கலை. ரூம் எப்படிம்மா உனக்குப் போச்சு?"

வேணி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். கயிறு தாங்கியது.

"போன வாரம் இதே கயித்தைக் காட்டி நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார். எதிராளி அடிச்சு அடிச்சுக் களைக்கிறவரைக்கும் சும்மா இருக்கணும்னீங்க. நான் ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தினேன்: அந்த அடியை நான் வாங்கலை, பாயை வாங்க விட்டேன்."