கஞ்சி போட்ட சேலையும் ஒரு கன்றுக்குட்டியும்

நடந்தவை, வரிசையாக:

1. சாரலில் சேலை துவண்டுவிடும் என்று இரண்டு மடங்கு கஞ்சி போட்டேன்.
2. குடையை வீட்டிலேயே வைத்துவிட்டேன். (சாரலுக்குக் குடை பிடித்தால் குற்றாலத்தில் நம்மை அருவி பார்க்க வந்த வெளியூர்க்காரி என்பார்கள். மானப் பிரச்சினை.)
3. சாரல் மழையாகிவிட்டது.
4. கன்றுக்குட்டி வந்தது.

நர்ஸ் பயிற்சி முடித்து, தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். அன்று மேட்ரன் அம்மா வார்டில் என் வேலையைப் பார்த்து, வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவு சொல்ல வேண்டும். நர்ஸின் வெள்ளைச் சேலை தகடு மாதிரி நிற்க வேண்டும் அவருக்கு. குற்றாலத்தில் அக்கா வீட்டிலிருந்து நானும் தகடாகத்தான் கிளம்பினேன். உட்கார்ந்தால் நொறுங்கிவிடும் என்று வண்டிகூடப் பிடிக்காமல் நடந்தேன்.

பாதி வழியில் மலை மறைந்தது. கொட்டித் தீர்த்தது. கஞ்சி கரைந்து கொழகொழவென்று காலில் வழிந்தது. பின்னால் யாரோ முந்தானையை இழுத்தார்கள். திரும்பினால் கன்றுக்குட்டி, கண்ணை மூடிச் சப்பிக்கொண்டிருக்கிறது.

"சூ! போ!" (பயிற்சியில் இதற்குப் பாடம் வைக்கவில்லை.)

எதிரே வந்த தயிர்க்கார ஆச்சி நின்றுவிட்டாள். "ஏட்டி, அது பசியில வருது, வெரட்டாத. சேலையப் பிழிஞ்சு ஊத்து, ஒரு நேரச் சாப்பாடு ஆச்சு!"

அது ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தது. பிறகு வார்டுக்குள்ளும் வந்தது.

தோட்டக்காரர் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போனார். மேட்ரன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன நர்ஸ், சேலைக்குக் கஞ்சி போட்டீகளா, கஞ்சிக்குள்ள விழுந்து எந்திச்சு வந்தீகளா?"

வேலை போயிற்று என்று நினைத்தேன். அப்போது ஒரு கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம். காலில் புண் பழுத்துக் காய்ச்சலில் கிடந்த வடகரைப் பெண். ஊசி என்றாலே அலறி, யாரையும் கிட்டே விடாதவள்.

"இந்தக்கா போடட்டும்," என்றாள். "மத்தவுக வெறச்சுக்கிட்டு வருதாக, பாத்தாலே பயமா இருக்கு."

கையைக் கழுவி, உலர்ந்த ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஊசி போட்டேன். அவள் அலறவில்லை. மேட்ரன் அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

"கை நல்லாருக்கு. வேலையில இருங்க," என்றார். வாசல் வரை போய்த் திரும்பினார். "நாளைக்குத் தனியா வாங்க."

இப்போதும் ஆடியில் வானம் இருட்டினால் அத்தான் தெருவைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "ஏலே, கன்னுக்குட்டியக் கட்டிப் போடுங்கலே! எங்க கொழுந்தியா வேலைக்குக் கிளம்புதா!"

சிலர் நிஜமாகவே கட்டுகிறார்கள். நான் அதே வார்டில்தான் வேலை பார்க்கிறேன்.