கரடி அண்ணாச்சியின் நாலாவது பித்தான்

சேரன்மகாதேவி
14.7.96

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிவியில் நேயர் கடிதம் வாசிக்கும் மரியாதைக்குரிய அம்மா அவர்களுக்கு,

பிரம்மநாயகி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே ஆற்றில் தண்ணீர் போகிறது, குழாயில் ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிறது, எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். அங்கே உங்கள் வீட்டிலும், நிலையத்தில் விளக்குப் பிடிக்கிறவர்கள், கேமரா பிடிக்கிறவர்கள் வீட்டிலும் ஒரு குறையும் வராமல் முப்பிடாதி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். பக்கத்து வீட்டு பியூலா பால்வாடியில் டீச்சர், திருத்தித் தாரேன் என்றாள். அவள் திருத்தினால் கடிதம் அவளுடையது ஆகிவிடும், வேண்டாம் என்றுவிட்டேன். விஷயம் என்னவென்றால், ஒரு பொம்மைப்படத்தில் வரும் தப்புகளைப் பற்றி எங்கள் வீட்டுக்காரர் உங்களுக்கு ஒன்பது கார்டு போட்டார்கள். ஒன்றையும் நீங்கள் வாசிக்கவில்லை. போன மாசி மாசம் அவர்கள் தவறிவிட்டார்கள். இது பத்தாவது. இதையாவது வாசிக்கணும். பழைய கார்டெல்லாம் அங்கே எந்த மூட்டையிலாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள், பெயர் கீழே இருக்கும், நான் சொல்லக் கூடாது.

வாசிக்கலேன்னா என்ன குடி முழுகிப் போச்சுன்னு நினைப்பீக. மீரா முகைதீன் பாய் டீக்கடையில தினம் உக்காருத நாலு பேரு இருக்காக. கார்டு போட்ட நாள்ல இருந்து, "என்ன அண்ணாச்சி, கரடி பதில் போட்டுச்சா"ன்னு கேட்டுக் கேட்டே டீ குடிச்சாக. எங்க வீட்டுக்காரரும் இந்த வாரம் வாசிப்பாக, அடுத்த வாரம் வாசிப்பாகன்னு ரெண்டு வருஷம் சொல்லிப் பாத்தாக. கருமாதியன்னைக்கு இலையில பாயசத்தை வாங்கிக்கிட்டு அதுல ஒருத்தரு, "பாவம் மனுசன், பொம்மைக்குப் பித்தான் எண்ணியே போயிட்டாரு"ன்னாரு. பந்தி முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சிட்டேன். பெறவு இலையை மூடிட்டு எந்திரிச்சிட்டேன். அந்த நாலு பேரு காதுல விழணும், அவ்வளவுதான் நான் கேக்கது. பாய் கடையிலயும் டிவி இருக்கு.

இனிப் படத்துக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை காலையில வருதே, மிருகமெல்லாம் சட்டை போட்டு ஊரு கட்டிக் குடியிருக்குமே, அந்தப் பொம்மைப்படம். அது டெல்லிக்காரன் போடுதது, எங்களுக்குச் சம்பந்தமில்லன்னு சொல்லிராதீங்க. எங்க பெட்டியில நீங்களும் அந்தக் கரடியும் ஒரே வழியாத்தான் வாரீக. அதுக பேசுதது இந்தி, எங்களுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. அதனால காது சும்மா கிடக்கும், கண்ணுக்குத்தான் முழு வேலை. எங்க வீட்டுக்காரர் கொட்டகையில முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவுக. ஒரே படத்தை நாப்பது தடவை நின்னு பாத்தா, கதாநாயகி எந்தப் பாட்டுல எந்தக் கம்மலை மாத்திட்டு வாரான்னு தன்னால தெரியும்பாக. கொட்டகையை மூடின பெறவு வாங்கின பெட்டி இது. பிள்ளை இல்லாத வீட்டுல பொம்மைப்படம் ஓடுதுன்னு தெருவுல பேசினதும் எனக்குத் தெரியும். பேசட்டும்.

கடை வச்சிருக்கிற கரடிக்குக் கரடி அண்ணாச்சின்னு பேரு வச்சோம். கரடி அண்ணாச்சி வீட்டை விட்டு இறங்கும்போது கோட்டுல நாலு பித்தான், பாலத்துக்கு வந்தா மூணு, சந்தைக்குப் போய்ச் சேந்தா மறுபடி நாலு, நடுவழியில யாரு தச்சுக் குடுத்தா, அவருக்குப் பொண்டாட்டியும் கிடையாது. கடைக்கதவுப் பிடி உள்ள போகும்போது இடப்பக்கம், வெளிய வரும்போதும் இடப்பக்கம், நீங்களே எந்திரிச்சுப் போய் உங்க வீட்டு வாசல்ல நடந்து பாருங்க, அப்படி வருமான்னு. வாத்து டீச்சரம்மா கண்ணாடி ஆத்துல விழுந்து முங்கிப் போகுது, அந்தம்மா கரையேறி அழுதுக்கிட்டே கண்ணைத் துடைக்கும்போது மூக்கு மேல அதே கண்ணாடி இருக்கு. தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துல எங்க வீட்டுக்காரர் கண்ணாடியும்தான் தாமிரவருணியில போச்சு, இன்னைக்கு வரைக்கும் வரல. ரொட்டியைக் கடிச்சு வச்சா அடுத்த நிமிசம் முழு ரொட்டி, இது மட்டும் நம்ம வீடுகள்ல நடந்தா எவ்வளவு நல்லா இருக்கும். நான் கதவு விஷயத்தைக் கண்டுபிடிச்ச அன்னைக்குத் தொடையில ஓங்கித் தட்டி, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னு, "ஆப்புட்டுக்கிட்டான்"னு போட்ட சத்தத்துல பியூலா வீட்டுக் கோழி கூரையில ஏறிட்டு.

கடைசியா ஒண்ணு, இது எந்தக் கார்டுலயும் எழுதாத தப்பு. தாய்வாத்து குஞ்சுகளைப் படகுல ஏத்துது. ஏறும்போது ஆறு. நடு ஆத்துல அஞ்சு. அக்கரையில இறங்கும்போது ஏழு. நான் பீடி சுத்துதவ, மடியில எப்பவும் சொளவு, அதுல இலையும் தூளும். கட்டுக்கு இருபத்தஞ்சு. இருபத்துநாலு இருந்தா கம்பெனி கணக்கப்பிள்ளை கட்டையே தூக்கித் தூர எறிவாரு. பீடிக்கே அந்தக் கண்டிப்பு, நீங்க குஞ்சைக் குறைச்சிட்டுச் சும்மா இருக்கீக. எங்க பெட்டி கருப்பு வெள்ளை, அதனால கலரைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். கண்ணால காணாததைச் சொல்லக் கூடாது.

உங்க மேலயும் ஒண்ணு இருக்கு, கோபப்படக் கூடாது. போன வாரம் முதல் கடிதம் வாசிக்கையில பூ வலப்பக்கம் தொங்குச்சு, கடைசிக் கடிதத்துக்கு இடப்பக்கம் வந்திட்டு. நடுவுல எந்திரிச்சுப் போய் மாத்தி வச்சிருந்தா நல்லது, காத்துல நகந்திருந்தா, தலைக்கு மேல மின்விசிறிக் காத்து கூடாது.

இப்ப ஞாயித்துக்கிழமை காலையில பெட்டி அது பாட்டுக்கு ஓடுது. சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்குன்னு ரிப்பேர்காரனைக் கூட்டியாந்து காட்டினேன். அவன் கழட்டிப் பாத்துட்டு, "பெட்டியில ஒரு கோளாறும் இல்ல ஆச்சி, நீங்க தனியாவா இருக்கீக"ன்னு கேட்டான். சத்தத்தை முழுசும் திருகி வச்சிட்டுப் போனான். பத்தல.

உங்க தொண்டைக்குக் கேடு வராம, வாசிக்கும்போது கரண்டு போகாம, பெத்த பிள்ளைக தள்ளியிருந்தாலும் வாரம் ஒரு தடவை வந்து பாத்து, நீங்க நூறு வயசு இருக்கணும். வணக்கம்.

இப்படிக்கு,
தப்புகளைக் கண்டுபிடித்த
பிரம்மநாயகி

பி.கு. ஒட்டுததுக்கு முன்னால ஒரு தடவை வாசிச்சுப் பாத்தேன். நானே ஆப்புட்டுக்கிட்டேன். வேட்டியை மடிச்சுக் கட்டினேன்னு எழுதியிருக்கேன். அடிச்சிருவோம்னு பேனாவை எடுத்தேன், கை வரல. நெசத்தைச் சொல்லிருதேன். படத்துத் தப்புல ஒண்ணுகூட நான் கண்டதில்ல, எல்லாம் அவுக கண்டது. பெட்டி வந்த ஆறு வருஷத்துல அந்தப் படத்தை நான் நிமிர்ந்து பாத்ததே கிடையாது. ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி, தலை நிமிர்ந்தா கட்டு குறையும். அவுக பாத்துப் பாத்துச் சொல்லுவாக, நான் இலையை வெட்டிக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். கரடிக்கு முகம் எப்படியிருக்கும்னே எனக்கு மாசிக்குப் பெறவுதான் தெரியும். செத்தவுக கடிதத்தை டிவியில வாசிக்க மாட்டாகன்னு பியூலா சொன்னா, அதான் நான் நான்னு எழுதிட்டேன். கடைசி ஞாயித்துக்கிழமை அவுக, "ஏட்டி, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாரு, குஞ்சு ஏழாயிட்டு"ன்னாக. "இந்தக் கட்டு முடியட்டும், அடுத்த வாரம் பாக்கேன்"னு சொன்னேன். செவ்வாக்கிழமை போயிட்டாக.

உங்க பூ மட்டும் நான் கண்டது. அது என் முதல் தப்பு.

அதனால என் பேரை வாசிக்க வேண்டாம், அவுக பேரை வாசிங்க. கட்டிக்கிட்டு வந்த முப்பத்தோரு வருஷத்துல நான் வாயால சொன்னதில்ல. ஆசுபத்திரியில கேட்டப்பவும் பஞ்சாயத்து ஆபீசுல கேட்டப்பவும் பியூலாதான் சொன்னா. எழுதலாமான்னு தெரியல, எழுதிட்டேன்: ஆவுடையப்பன். பையச் சொல்லுங்க, சொல்லிட்டு உடனே அடுத்த கடிதத்துக்குப் போயிராதீங்க. அன்னைக்கு நான் பீடிச் சொளவை இறக்கி வச்சிட்டு நிமிர்ந்து உக்காந்திருப்பேன்.